மாறும் விதியும் நின்ற தறியும்

'நிச்சயமற்ற நிலை' என்பது பொருளாதாரப் பண்டிதர்களின் சொல். நமக்கோ அது, ஆலை வாசலில் "இன்று வேலை இல்லை" என்று தொங்கும் பலகை!

2016 நவம்பர் 8 இரவில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார் பிரதமர் மோடி. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அது. அத்தோடு நின்றார்களா? 4,000 வரை மாற்றலாம் என்றார்கள், 4,500 என்றார்கள், பிறகு 2,000, நவம்பர் 24-க்குப் பின் வங்கிகளில் மாற்றவே முடியாது! பதினாறு நாளில் நான்கு விதி.

நாளைய விதி தெரியாதபோது எவன் துணிந்து சரக்கெடுப்பான்? ஜவுளி வியாபாரி ஆர்டரை நிறுத்தினான், விசைத்தறி நின்றது. தறித் தொழிலாளி கையில் கூலி இல்லை. மளிகைக் கடையில் விற்பனை இல்லை. வயலில் இறங்கியவர்களுக்கோ, "கூலி அப்புறம்" என்ற பதில். பணமுள்ளவன் முதலீட்டைத் தள்ளிப் போடுவான். நாம் அடுப்பைத் தள்ளிப் போட முடியுமா?

கறுப்புப் பணம் ஒழியுமென்றார்கள். 99.3 சதவீத நோட்டுகள் திரும்பிவிட்டன என்று 2018-ல் ரிசர்வ் வங்கியே சொல்லிற்று.

ஆனாலும் 2016-17-ல் வளர்ச்சி 8 சதவீதத்துக்கு மேல் என்றது சர்க்கார் கணக்கு. எப்படி? சிறு தொழில்களின் நிலையைப் பெரிய கம்பெனிகளின் கணக்கை வைத்தே அப்போது பெரும்பாலும் ஊகித்தார்கள். நின்றுபோன தறி அந்த ஏட்டில் ஓடிக்கொண்டிருந்தது, தோழர்களே!