வடபுலத்து ஆந்தையும் வாடைக்காலப் பறவைகளும்



மார்கழி பிறந்துவிட்டால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவர் பலருக்கு மனம் வடக்கு நோக்கித் திரும்பிவிடுகிறது. பாடசாலை விடுமுறை, திருவெம்பாவை, அதனை அடுத்துத் தைப்பொங்கல் என்று காரணங்கள் பல. நாம் தெற்கிலிருந்து பெட்டியும் கையுமாகப் புறப்பட்டுச் செல்கின்ற அந்நாட்களில், வடதிசையிலிருந்து பெட்டியும் பயணச்சீட்டும் இல்லாத வேறொரு கூட்டம் வந்து இறங்கியிருக்கும். இரு திறத்தாரும் சந்திக்கும் இடம் மன்னாரும் யாழ்ப்பாணமும். அவ்விருந்தினரைப் பற்றியும், ஆண்டு முழுவதும் நம் வீட்டு முகட்டருகே குடியிருந்து ஏச்சுக் கேட்கும் ஆந்தையைப் பற்றியும் இன்று சில சொல்லக் கருதுகிறேன்.

நம் கடற்றொழிலாளர் ஆண்டைக் காற்றால் பகுப்பர். வாடை வீசுங்காலம் ஒன்று, சோளகம் வீசுங்காலம் மற்றொன்று. பறவைகளின் பஞ்சாங்கமும் ஏறக்குறைய இதுவே. புரட்டாதி, ஐப்பசியில் வரத் தொடங்குபவை பங்குனி, சித்திரையில் விடைபெறுகின்றன. ஏ9 வீதி வழியே செல்வோர் ஆனையிறவில் சற்றே விழித்திருந்து இருபுறமும் நோக்குதல் வேண்டும். ஆழங்குறைந்த பரவைக்கடலில் வெளிர்சிவப்பாக ஒரு கோடு தெரியுமானால் அது பூநாரைக் கூட்டம். வளைந்த அலகைத் தலைகீழாக நீருட் செலுத்தி, சேற்றையும் நீரையும் வடித்து, நுண்ணுயிர்களை மட்டும் உண்ணும் விந்தைப் பறவை அது. மன்னார் வங்காலைப் பக்கம் சென்றால் ஊசிவால் வாத்தும், நீலச்சிறகு வாத்தும், நெற்றியில் நாமம் இட்டாற்போல வெண்மஞ்சட் கோடுடைய நாமத்தலை வாத்தும் பெருந்திரளாக மிதக்கக் காணலாம். பெயரிட்டவர் வைணவரோ, அல்லது வைணவரைக் கேலி செய்யும் சைவரோ, அறியேன்; பெயர் மிகப் பொருத்தம்.

இப்பயணத்தைத் தமிழர் புதிதாக அறிந்தவர் அல்லர். வாடையில் நடுங்கியபடி மதுரையில் கிடந்த சத்திமுத்தப் புலவர், குமரித்துறையில் நீராடி வடக்கே மீளும் செங்கால் நாரையை விளித்துத் தம் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்பினார் அன்றோ? அதன் அலகுக்கு அவர் கண்ட உவமை பிளந்த பனங்கிழங்கு. நாரை வந்து தங்கும் பருவத்தை ஒட்டியே நம்மவர் பனங்கிழங்கும் கிண்டுகின்றனர். புலவர் உவமையைத் தேடி அலையவில்லை. கண்முன்னே கிடந்ததை எடுத்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

புலவர் கண்ணால் அறிந்ததை இன்று கருவி கொண்டு அளக்கின்றனர். 2021ஆம் ஆண்டிலே கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் மன்னாரில் ஒரு கடற்காக்கையைப் பிடித்து, செய்மதி வழியே இருப்பிடம் அறிவிக்கும் சிறு கருவியை அதன் முதுகிலே பொருத்தி விட்டனர். மேகா என்று அதற்குப் பெயரும் இட்டனர். அது ரஷ்யாவின் வடகோடியில், ஆர்க்டிக் கரையிலுள்ள யமால் தீபகற்பத்திற்குச் சென்று கோடையைக் கழித்து, மீண்டும் மன்னாருக்கே வந்து சேர்ந்தது. போக்கும் வரவுமாகப் பத்தொன்பதாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம்!

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் அப்பாற் செல்ல இயலவில்லை. தமிழகத்திலே மாமரப் பொந்திலும் கோயிற் கோபுரத்திலும் எங்கும் காணப்படும் புள்ளி ஆந்தை என்றொரு சிறு ஆந்தை உண்டு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல்தான். ஆயினும் இலங்கையில் வாழும் பறவைகளின் பட்டியலில் அது இல்லை. கடற்காக்கை துருவத்திலிருந்து வருகிறது. இதுவோ அடுத்த கரைக்கும் வரவில்லை. ஆந்தை பொதுவாக ஊர்விட்டு ஊர் செல்ல விரும்பாத பிறவி.

வடக்கே நம் வீடுகளை அண்டி வாழ்வனவற்றுள் முதன்மையானது கூகை. வெண்ணிற முகம், அதுவும் வெற்றிலை வடிவம், கரிய கண், அலறலோ கேட்டாரை நடுங்கவைக்கும். பழைய பறவை நூலார் இதனை இலங்கையின் வடபாகத்துக்கே, சிறப்பாக யாழ்ப்பாணக் கோட்டைக்கே உரியதாக எழுதினர். இன்று கொழும்பின் கட்டடக் கூரைகளிலும் அது குடியேறிவிட்டது. நம்மவர் பலரும் அவ்வாறே வந்தவர்தாமே!

ஆந்தை அலறினால் சாவு வரும் என்பது நம் வீடுகளில் இன்றும் வாழும் நம்பிக்கை. அது மிகப் பழையதுந்தான். முதுமரப் பொந்திலிருந்து அலறும் சுடுகாட்டுக் கூகையைப் பாடியமையால் சங்கப் புலவர் ஒருவருக்குக் கூகைக்கோழியார் என்றே பெயர் நிலைத்தது. ஆனால் அப்பாட்டிலேயே விடையும் இருக்கிறது. கூகைக்கு வேண்டியது பொந்து. பொந்து உண்டாவது முதுமரத்தில். ஊருக்குள் வயதான மரத்தை நாம் வெட்டிவிடுகிறோம். சுடலையில் நிற்கும் மரத்தை எவரும் தொடுவதில்லை. ஆதலின் கூகை அங்கே இருக்கிறது. நோயாளி கிடக்கும் வீட்டைப் பாருங்கள். அங்கே இரவு முழுவதும் விளக்கெரியும். விளக்கை நாடிப் பூச்சிகள் வரும். பூச்சியை நாடிச் சிற்றாந்தை வரும். மற்றை நாட்களில் உறக்கத்திலே கேளாத குரல், கண்விழித்திருப்போர் காதில் அன்று விழுகிறது. நோயாளி இறந்தால் ஆந்தை சொன்னது என்கிறோம். பிழைத்து எழுந்தால் ஆந்தையை மறந்துவிடுகிறோம். பஞ்சபட்சி சாத்திரம் வகுத்த நம் முன்னோர், வல்லூறு, காகம், கோழி, மயில் ஆகியவற்றோடு ஆந்தைக்கும் சமமான இடம் கொடுத்தனர் என்பதையும் நினைவூட்டல் தகும்.

கல்லெறிந்து துரத்தப்படும் இக்கூகை செய்யும் தொழில் யாது? எலி பிடித்தல். அமெரிக்காவிலே ரொஜர் பெய்ன் என்பார், பிற்காலத்தில் திமிங்கிலங்களின் பாட்டை ஆராய்ந்து புகழ்பெற்றவர், இளமையில் கூகையை ஆராய்ந்தார். சிறிதும் ஒளி புகாத அறையில், சருகின்மேல் ஓடும் எலியை அது செவியொன்றையே துணையாகக் கொண்டு பற்றியதைக் காட்டினார். அதன் இரு செவித்துளைகளும் ஒரே உயரத்தில் அமைந்தவை அல்ல. ஒலி மேலிருந்தா கீழிருந்தா வருகிறது என்பதை அதனால் அறிந்துகொள்கிறது. சிறகின் விளிம்பிலே மெல்லிய இழைகள் உள்ளமையால் பறக்கும் ஓசையும் எழுவதில்லை. கதிர் முற்றுங்காலத்தில் கிளிநொச்சி வயல்களிலே இதைவிடச் சிறந்த காவற்காரன் கிடைப்பானா? நாமோ அதனைத் துரத்திவிட்டு எலிக்கு நஞ்சு வைக்கிறோம். அந்நஞ்சை உண்டு தடுமாறும் எலியைத் தின்று கூகையும் மடிகிறது.

வடபுலத்துக்கு வாடையோடு வரக்கூடிய ஆந்தை ஒன்றும் உளது. குறுஞ்செவி ஆந்தை என்று அதனைச் சொல்லலாம். வடநாட்டுப் புல்வெளிகளில் குஞ்சு பொரிப்பது. இலங்கைக்கு மிக அருமையாகவே வருவது. மரத்தை நாடாது, திறந்த வெளியில் புற்களிடையே தரையிலேயே பதுங்கிக் கிடக்கும். மஞ்சட் கண், உடல் காய்ந்த புல்லின் நிறம். பொழுது சாயும்போது தரைக்கு மேலே தாழ்ந்து, தளர்ந்த சிறகடிப்போடு பறக்கும். நம் தரவைகளில் மாடு மேய்ப்பவர் காலடியிலிருந்து திடீரென எழுந்து பறந்தாலும் வியப்பில்லை. ஆனால் ஆந்தை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்பவர் அதனைக் கண்டதாக எங்கே எழுதி வைக்கப்போகிறார்?

எழுதி வைத்தல் என்று சொன்னேன். அங்கேதான் நமது பெருங்குறை. 1983 முதல் 2009 வரை, ஒரு தலைமுறைக் காலம், வடக்கே தொலைநோக்கியைக் கையிலேந்தி வெளியில் நடப்பது உயிருக்கு ஆபத்தான செயலாக இருந்தது. பறவைகள் வந்துதான் இருக்கும், ஆனால் எண்ணுவாரில்லை. தெற்கே எழுதப்பெற்ற குறிப்பேடுகளில் வடக்கின் பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன. போர் முடிந்தபின் 2010இல் வங்காலை, உலக ஈரநிலப் பட்டியலாகிய ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 1938 முதல் பறவைச் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு 30 காற்றாலைகள் எழுந்தன. மேலும் எழுப்பும் திட்டத்தை எதிர்த்துச் சூழலியலாளர் உயர் நீதிமன்றம் சென்றனர். முன்வந்த நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. மின்சாரமும் வேண்டும், பறவையும் வேண்டும் என்போர் நடுவே தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால், எந்த மாதத்தில், எவ்வழியே, எத்தனை பறவைகள் பறந்தன என்னும் கணக்கு வேண்டும். அக்கணக்கை வழக்குத் தொடங்கியபின் உண்டாக்க முடியாது.

ஆகவே விடுமுறைக்குச் செல்லும் மாணவர் ஒரு சிறு கொப்பியைக் கொண்டு செல்க. நாள், நேரம், இடம், காற்று, எண்ணிக்கை ஆகிய ஐந்தும் போதும். பெயர் தெரியாவிடின் அலகின் நீளத்தையும் காலின் நிறத்தையும் எழுதுக. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976 முதல் இயங்கிவரும் இலங்கைக் களப் பறவையியற் குழுவினர் இத்தகைய குறிப்புகளைப் போற்றுபவர். பயணம் செல்லாதோரும் வருந்த வேண்டியதில்லை. ஐப்பசியில் இந்தியாவிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி, களைத்துப்போய் வெள்ளவத்தை வீட்டு வளவுக்குள்ளும் விழுவதுண்டு. பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் சிவப்பு. விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். அவ்வாறு ஒன்று விழுந்து கிடந்தால், பூனைக்கு எட்டாதபடி துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் வைத்து, நாலைந்து மணி நேரம் கழித்து மரநிழலில் திறந்துவிடுங்கள். பெரும்பாலும் தானே எழுந்து போய்விடும்.