இல்லாத சுவிட்ச்



உங்கள் மடிக்கணினியில் விமானப் படம் போட்ட ஒரு விசை இருக்கலாம். அழுத்தினால் வைஃபை, புளூடூத் எல்லாம் அடங்கிவிடும். பழைய மாடல்கள் சிலவற்றில் பக்கவாட்டில் தள்ளு சுவிட்சே உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் இந்த வேலையைப் பார்க்கும் பகுதிக்கு 'ஆர்எஃப்கில்' என்று பெயர். ரேடியோவைக் கொல்வது என்று அர்த்தம். வானொலியில் உட்கார்ந்து சொல்லக் கொஞ்சம் சங்கடமான பெயர்தான்!

2007இல் லினக்ஸின் மையமான கர்னலுக்குள் வந்து, 2009இல் திருத்தி எழுதப்பட்ட பகுதி இது. தடைகள் இதில் இரண்டு வகை. மென்பொருள் போட்ட தடையை மென்பொருளே நீக்கலாம். சுவிட்ச் போட்ட தடையை மென்பொருளால் தொடவே முடியாது. கையால் தள்ளித்தான் நீக்க வேண்டும். விமானத்தில் நீங்கள் அணைத்ததை உங்களைக் கேட்காமல் எந்தச் செயலியும் போட்டுவிடக் கூடாதல்லவா?

சரி, சுவிட்சே இல்லாத மடிக்கணினி என்றால்?

லெனோவோ ஐடியாபேட் மடிக்கணினி வரிசைக்கான லினக்ஸ் டிரைவரில், அதாவது வன்பொருளோடு பேசும் நிரலில், நடந்தது இதுதான். அந்த டிரைவர், கணினிக்குள் இருக்கும் சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லிடம் "சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேட்கும். பூஜ்யம் வந்தால் தடை என்று எடுத்துக்கொள்ளும். சுவிட்ச் உள்ள கணினியில் அது சரி. சுவிட்ச் இல்லாத மாடல்களிலும் வந்தது அதே பூஜ்யம்தான். விளைவு, வைஃபை நிரந்தரமாகப் பூட்டிக் கிடந்தது. திறக்கச் சுவிட்சும் கிடையாது. பலர் அந்த டிரைவரையே கழற்றிவிட்டு இணையத்துக்குள் போனார்கள்.

திருத்தம் எப்படி வந்தது தெரியுமா? 'இந்த மாடலில் சுவிட்ச் இல்லை' என்று ஒரு பெயர்ப் பட்டியல். யாராவது புகார் சொன்னால் ஒரு பெயர் சேரும். புது மாடல் வரும், இன்னொரு பெயர் சேரும். பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் அதைத் தலைகீழாக்கி, சுவிட்ச் உள்ள சில மாடல்களை மட்டும் எழுதி வைத்தார்கள். முதல் திருத்தம் வந்த அன்றே செய்திருக்க வேண்டியது அது என்பேன்.

அதனால் இப்படிப்பட்ட நிரலைச் சரிபார்க்க உட்காருகிறவர், அது ஓடுகிறதா என்று பார்ப்பதோடு எழுந்துவிடக் கூடாது. ஓடத்தான் செய்யும், எழுதியவரின் கணினியில். பூஜ்யம் என்றால் 'அணைந்திருக்கிறது' என்றா, 'அப்படி ஒன்றே இல்லை' என்றா? கணினி தூங்கி எழுந்தபின் சுவிட்சின் நிலையை மறுபடி கேட்கிறதா? இவற்றைக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே ஒப்புதல் வரியில் தன் பெயரைப் போட வேண்டும்.

லினக்ஸ் வைத்திருக்கும் நேயர்கள் இன்றே டெர்மினலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். சுவிட்ச் தடையைக் காட்டும் 'ஹார்டு பிளாக்டு' என்ற வரியில் 'யெஸ்' இருந்து, கணினியைச் சுற்றித் தடவியும் சுவிட்ச் கிடைக்கவில்லையென்றால், வைஃபை அட்டையை மாற்ற ஓடாதீர்கள். முதலில் டிரைவரைச் சந்தேகப்படுங்கள்.