பிள்ளைகள் தங்கள் சொந்த வாக்கியத்தை எழுதட்டும்!

(நெல்லை மாவட்டத்தில் மாலைநேரப் படிப்பகங்களில் தொண்டாற்றும் வாலிபர்கள், தாய்மார்கள் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



பகலெல்லாம் பாடுபட்டுவிட்டு, மாலையில் ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். அதைப் புகழ்ந்து பேசுவதற்காக நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. "வாசிக்கிறார்கள், கணக்குப் போடுகிறார்கள்; எழுதச் சொன்னால் மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள், என்ன செய்வது?" என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

நம் பிள்ளைகளுக்கு எழுதத் தெரியாதா? கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கரும்பலகையில் உள்ளதை அப்படியே நோட்டில் இறக்கிவிடுவார்கள். "பசு" என்று தலைப்புக் கொடுத்தால் பத்து வரி எழுதுவார்கள். ஐம்பது பிள்ளைகள் எழுதினாலும் ஐம்பதும் ஒரே பசுதான்! இதற்கு எழுத்து என்று பெயரில்லை, நகல் என்று பெயர்.

உங்களில் ஒரு சகோதரி சொன்ன செய்தி இது. ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி பசுவைப் பற்றி எழுதிக் காட்டினாள். அவள் வீட்டில் பசு இல்லை, பீடித் தட்டுதான் இருக்கிறது. "உங்கம்மா எப்படி இலை வெட்டுவாங்க?" என்று இந்தச் சகோதரி கேட்டார். அவ்வளவுதான்! இலையை எவ்வளவு நேரம் நனைப்பது, எந்த இலை கிழியும், கடைக்காரர் எத்தனை பீடியைக் கழிவு என்று தள்ளுகிறார், அன்றைக்கு அம்மா வீட்டில் யாரோடும் பேசமாட்டாள் என்பதெல்லாம் மடமடவென்று வந்தது. "சொன்னதை அப்படியே எழுது" என்றதும் அந்தப் பெண் திகைத்துப்போய், "இதையெல்லாம் எழுதலாமாக்கா?" என்று கேட்டாளாம்.

இந்தக் கேள்வியைக் கவனியுங்கள், தோழர்களே! தன் தாயின் உழைப்பு எழுதத் தகுந்த விஷயமல்ல என்று அந்தக் குழந்தைக்கு யார் கற்றுக் கொடுத்தது? எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பசுவும், பொங்கல் விழாவும், நான் முதலமைச்சரானாலும் திரும்பத் திரும்ப வந்து அதைக் கற்றுக் கொடுத்துவிட்டன.

1990களில் அறிவொளி இயக்கம் நடந்தபோது தொண்டர்கள் ஊர் ஊராகப் போனார்கள். புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கைநாட்டுப் போட்ட விரல்கள் கையெழுத்துப் போட்டன. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் சர்க்காரே தொண்டர்களைத் திரட்டி "இல்லம் தேடிக் கல்வி" என்று தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் நம் பெண்கள் ஏராளமானோர் அதில் உழைத்தார்கள். இவையெல்லாம் மெய்தான். ஆனால் இன்றும் பட்டாவில் பெயர் தவறாக இருந்தால், பத்தாவது படித்தவனும் மனு எழுத ஆள் தேடித் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறான். அவனுக்குக் கையெழுத்து வரும், தன் வழக்கைச் சொல்ல வராது. பீடிக்கடைப் புத்தகத்திலும் கடைக்காரர் எழுதியதுதான் கணக்கு.

இத்தாலியில் பார்பியானா என்று ஒரு மலைக் கிராமம். அங்கே லொரென்ஸோ மிலானி என்ற பாதிரியார், பள்ளிக்கூடம் தள்ளிவிட்ட குடியானவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். பாதிரியார்தான், நல்லதை எவர் செய்தாலும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே? பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்கு வாத்தியார்கள். அந்தப் பையன்கள் எட்டுப் பேர் சேர்ந்து, ஏழைப் பிள்ளைகளைத் தோற்கடிக்கும் பள்ளிகளைச் சாடி, ஓர் ஆசிரியைக்குக் கடிதமாக ஒரு புத்தகமே எழுதினார்கள். 1967இல் வெளிவந்தது. எப்படி எழுதினார்கள்? மனதில் தோன்றியதை உடனே குறித்துக்கொள்வது. ஒரு சீட்டில் ஒரு கருத்து. எல்லாச் சீட்டுகளையும் பரப்பி, ஒரே மாதிரியானவற்றைக் கட்டுக்கட்டாகச் சேர்ப்பது. பிறகு வரிசைப்படுத்தி எழுதி, வேண்டாத சொல்லை வெட்டுவது. இதற்குப் பணம் வேண்டாம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்.

சிவப்பு மையைப் பற்றியும் சொல்லவேண்டும். நாலு வரி எழுதிய குழந்தையின் தாளில் பதினாறு சுழி போட்டுக் கொடுத்தால், அது ஐந்தாவது வரி எழுதுமா? முதலில் வாசித்துவிட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். லகர, ளகர, ழகரத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். அதிலும் ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழை போதும். "போனாங்க" என்று பேச்சு வழக்கில் எழுதியிருந்தால் அடிக்காதீர்கள். பக்கத்தில் "போனார்கள்" என்று எழுதிக் காட்டி, எது எங்கே வேண்டும் என்று பேசுங்கள். பிழை திருத்தவே வேண்டாம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். நான் அதை ஒப்பமாட்டேன். பணக்காரர் பிள்ளை பிழையில்லாமல் எழுதும்போது நம் பிள்ளை மட்டும் ஏன் பிழையோடு எழுதவேண்டும்?

"பரீட்சைக்கு இது உதவுமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சொந்தமாகப் பத்து வாக்கியம் எழுதுகிற பிள்ளை, மறந்துபோன கட்டுரையின் முன்னால் அழுதுகொண்டு உட்காராது என்று சொல்லுங்கள்.

ஒவ்வொரு படிப்பகத்திலும் மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவாருங்கள். பிள்ளைகள் எழுதியதை ஞாயிற்றுக்கிழமை தாய்மார்கள் முன்னிலையில் அவர்களே வாசிக்கட்டும். வீட்டுச் சங்கதி வெளியே வரவேண்டாம் என்று குழந்தை நினைத்தால் அந்தப் பக்கத்தைச் சேர்க்காதீர்கள். அதற்கு முன்பு, நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். காகிதச் செலவைச் சங்கத்தில் கேட்டு வாங்கித் தருவது என் பொறுப்பு.