மேட்டு ஊரின் தண்ணீர்

இன்று பெங்களூர் லால்பாக் போகலாம். கண்ணாடி மாளிகை, மலர்க் கண்காட்சியெல்லாம் இருக்கட்டும். உள்ளே இருக்கும் பாறையில் ஏறுவோம். சுமார் 300 கோடி வயதுப் பாறை. சாயங்காலமாக ஏறுங்கள், உச்சி வெயிலில் கால் பழுத்துவிடும். மேலே, 1537இல் ஊரை அமைத்த கெம்பே கௌடர் பெயர் சொல்லும் சின்னக் கோபுரம்.

பாறை மட்டுமல்ல, ஊரே மேடுதான்: கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டரில், ஒரு நீண்ட மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது பெங்களூர். பெரிய ஆறு கிடையாது. பெய்யும் மழை இரண்டு பக்கமாகப் பிரிகிறது. பசவனகுடி நந்தி கோயில் பக்கம் பிறக்கும் விருஷபாவதி, மேற்கே இறங்கி அர்க்காவதியில் கலந்து, காவிரி வழியாக மேட்டூருக்கு வருகிறது. கிழக்கே விழுந்த தண்ணீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டித் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் வழியாகக் கடலூர்க் கடலுக்குப் போகிறது. எந்தப் பக்கம் விழுந்தாலும் வந்து சேருவது நம்மிடம்தான்!

ஆறில்லாத ஊர் ஏரியை நம்பியது. மேலேரி நிரம்பி மறுகால் பாய்ந்தால் கீழேரிக்குத் தண்ணீர். சரிவே வேலையைச் செய்துவிடும். கெம்பே கௌடர் காலத்துத் தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில்தான் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம். சம்பங்கி ஏரியில் கண்டீரவா விளையாட்டரங்கம்.

ஏரியைத் தூர்க்கலாம், சரிவைத் தூர்க்க முடியுமா? 2022 செப்டம்பர் மழை வெள்ளத்தில் பெல்லந்தூர்ப் பக்கத்து ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். இரண்டே வருடத்தில், 2024 கோடையில், போர்வெல் வற்றி அதே ஊர் டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்தது.

குடிதண்ணீருக்கு 1896இல் ஹெசரகட்டா, 1933இல் திப்பகொண்டனஹள்ளி என்று தேடிப் போன ஊர், 1974இல் காவிரிக்கே போய்விட்டது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம், 500 மீட்டர் ஏற்றம்; பம்பு வைத்துக் கட்டம் கட்டமாக மேலே தள்ளுகிறார்கள். குடிநீர் வாரியத்துக்கு மின்கட்டணமே பெரும் செலவு. தலைமேல் விழும் மழையைச் சாக்கடையில் விட்டுவிட்டுக் காவிரியை மலையேற்றுவது எனக்குச் செரிக்காத கணக்கு.

ஒரு நல்ல வேலையும் நடக்கிறது: 2018 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்து வறண்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். மிச்சம் என்னாகிறது என்று ஓசூர்க்காரர்களைக் கேளுங்கள். கெலவரப்பள்ளி அணை மதகைத் திறந்தால், தென்பெண்ணையில் ஆளுயரத்துக்கு நுரை பொங்கி வரும் காட்சியைச் சொல்வார்கள். அந்த நுரைக்கடியில் ஓடுவதில், பம்பு வைத்து மேட்டில் ஏற்றிய காவிரியும் இருக்கிறது.