ஒலிக்குச் சொல் தேடுதல்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்து நாம் படித்த பாடத்தில் ஒலிக்கு மூன்று இயல்புகள் சொன்னார்கள்: சுருதி, உரப்பு, பண்பு. முதலிரண்டிலும் கூடுதல் குறைவு சொல்லலாம். மூன்றாவது அப்படிப்பட்டதல்ல. நாதஸ்வரமும் வயலினும் ஒரே சுருதியில், ஒரே உரப்பில் ஒலித்தாலும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துவிடுகிறோம். நம் முகத்துவாரத்தில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே யாருடைய வள்ளம் என்று சொல்லும் பெண்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

அடிப்படைச் சுரத்தோடு எந்த மேற்றொனிகள் எவ்வளவு கலக்கின்றன என்பதில் இப்பண்பு பெரிதும் தங்கியிருக்கிறது என்று 1863இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதினார். (அவரும் மருத்துவம் படித்தவர்தான், நமக்கு ஒரு சின்னப் பெருமை!)

அதைச் சொல்லத்தான் நாம் திண்டாடுகிறோம். இனிய குரல் என்கிறோம், அது நாக்கின் சொல். கனத்த குரல் என்பது கையின் சொல். வெண்கலக் குரல் பாத்திரக்கடையிலிருந்து வந்தது. கணீர், கரகர, கீச்சு என்று காதுக்கே உரியவை கொஞ்சந்தான். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் ஒலியைக் கேட்ட எமர்சன் டெனன்ட், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்ப்பதற்கு ஒப்பிட்டார். திருகோணமலை இந்துக் கல்லூரியிலும் பணிசெய்த விபுலாநந்த அடிகளோ, 1947இல் வெளிவந்த யாழ் நூலில், அதே வாவியில் நீரரமகளிரின் இசையைக் கேட்டார். இருவர் சொன்னதும் மெய்தான்.

இந்தத் திண்டாட்டம் நோயாளிக்கு வரும்போது விளையாட்டில்லை. "கேக்குது மகள், ஆனா விளங்குதில்ல" என்று அம்மாமார் சொல்வதை வீட்டில் கவனக்குறைவு என்கிறார்கள். முதுமையில் உயர்ந்த அதிர்வெண்கள்தான் முதலில் குறைகின்றன. குரல் காதில் விழும். 'ச' எது, 'த' எது என்று பிரித்துக்காட்டும் நுண்ணொலி விழாது. அவர்கள் சொல்வது மிகத் துல்லியமான நோய்க்குறி. நாமோ இன்னும் உரத்துக் கத்துகிறோம்! முகம் பார்த்து, சற்று நிதானமாகப் பேசினாலே பாதி விளங்கிவிடும்.

குரல் கரகரத்து மூன்று கிழமைக்கு மேலாகியும் மாறாவிட்டால் கைமருந்தோடு நிற்காமல் தொண்டையைக் காட்டுங்கள்; வெற்றிலை, புகையிலை பழக்கமுள்ளவர்கள் கட்டாயம் காட்ட வேண்டும். கிளினிக்குக்கு வரும்போது "சத்தம் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அடைத்ததா, பிசிறடிக்கிறதா, காற்றுப்போல் போகிறதா, காலையிலா மாலையிலா என்று வீட்டார் கேட்டபடியே சொல்லுங்கள். அந்தக் குரலை நெடுநாள் கேட்டவர்கள் நீங்கள்தானே.