உப்பும் நம் வாழ்வும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழாவில் உப்பைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. பலரை அரசுப் பணியில் அமர்த்தியது. ஆயினும் அவ்வாறு பணியில் அமர்ந்தவர்களுள் சிலர் ஐம்பது வயதை எட்டுமுன்னரே பக்கவாதத்தில் விழுந்ததையும் நாம் கண்டோம். அவர்தம் வீடுகளுக்குச் சென்று திண்ணையில் அமர்ந்து திரும்பிய நாட்களில்தான் இப்பொருளைப் பற்றி நாம் எண்ணத் தொடங்கினோம்.

உப்பு நமக்கு எப்படி வந்தது? சங்க காலத்தில் நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பை உமணர் என்போர் மாட்டு வண்டிகளில் ஏற்றி, மேட்டு நிலங்களைக் கடந்து உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு சென்றனர். நெல்லுக்கு ஈடாக உப்பை அளந்து கொடுத்தனர். சம்பளம் என்னும் சொல்லே சம்பாவும் அளமும், அதாவது நெல்லும் உப்பும் சேர்ந்து பிறந்தது என்று பொருள் கூறுவாரும் உண்டு. உறுதியாகச் சொல்ல இயலாவிடினும், கூலிக்கும் உப்புக்கும் இருந்த நெருக்கத்தை அவ்விளக்கம் காட்டுகிறது.

வெள்ளையர் ஆட்சியில் உப்பு அரசின் தனியுரிமையாயிற்று. சென்னை மாகாணத்தில் 1805ஆம் ஆண்டிலேயே அது நடந்தது. வட இந்தியாவிலோ, வரி கட்டாத உப்பைத் தடுப்பதற்கென்றே சிந்து நதியிலிருந்து மகாநதி வரை ஏறத்தாழ 2,300 மைல் நீளத்திற்குச் சுங்கக் கோடு வகுத்து, அதில் பெரும்பகுதிக்கு முள்வேலி வளர்த்து, ஏறக்குறைய 12,000 காவலர்களை நிறுத்தியிருந்தனர். 1879இல்தான் அது கைவிடப்பட்டது. கடலில் கிடைக்கும் பொருளுக்கு வேலி போட்ட கதை இது!

1930இல் ஒரு மணங்கு உப்புக்கு ஒன்றேகால் ரூபாய் வரி. மார்ச்சு 12ஆம் நாள் காந்தியடிகள் தண்டிக்குப் புறப்பட்டார். ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர் படை கிளம்பி, வேதாரண்யத்தை அடைந்து, 30ஆம் நாள் உப்பெடுத்தது. அப்போராட்டத்தின்போது காவலர்க்கு முகம் மழிக்க மறுத்த வைரப்பன் என்னும் நாவிதத் தொழிலாளியை நாம் தவறாமல் நினைவுகூர வேண்டும். படித்தவரல்லர், தம் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்ததே அவர் செய்த போராட்டம்.

இங்கே இன்னொரு நாளையும் சொல்லியாக வேண்டும். தண்டிப் பயணத்திற்குப் பத்து நாள் முன்னதாக, அதே மார்ச்சு 2ஆம் நாள், நாசிக்கில் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தை டாக்டர் அம்பேத்கர் தொடங்கினார். முதல் நாளைப் பற்றி வகுப்பில் கேட்டால் பத்துக் கைகள் உயர்கின்றன. இரண்டாம் நாளைப் பற்றிக் கேட்டால் வகுப்பு அமைதியாகி விடுகிறது. ஆசிரியராகிய நாமும் அதற்குப் பொறுப்பாளிகளே.

வரி 1947இல் ஒழிந்தது. ஆனால் உப்பை வாங்கும் முறை நம் ஊர்களில் உடனே மாறிவிடவில்லை. எழுபதுகளில் சிறுவனாக மளிகைக் கடைக்குச் சென்றவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நாம் திண்ணைக்குக் கீழே நிற்போம். தாய்மார் முந்தானையை விரிப்பர். மேலிருந்து படியுப்பு அதில் விழும். கையில் உப்பைக் கொடுத்தால் பகை வரும் என்றொரு நம்பிக்கை எல்லாச் சாதியாரிடமும் உண்டு. ஆகவே உப்பு கைக்கு வராதது எந்தக் காரணத்தால் என்று அந்த வயதில் நமக்கு விளங்கவில்லை. புளியும் மிளகாயும் அதே உயரத்திலிருந்து விழுந்தபோதுதான் விளங்கிற்று.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழமொழி. பண்ணையாட்களாக இருந்த நம் முன்னோரிடம் இப்பழமொழி எத்தனை முறை சொல்லப்பட்டிருக்கும்! நன்று, நினைப்போம். ஆனால் உப்பிட்டவர் யார்? தூத்துக்குடி உப்பளங்களுக்குச் சென்று பாருங்கள். கடல்நீரையோ நிலத்தடி உவர்நீரையோ பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் காயவிட்டு, உவர்ப்பு ஏறிய நிலையில் உப்பு படிய, நீண்ட கைப்பிடியுள்ள பலகையால் அதை வாரிக் கரையில் குவிக்கிறார்கள். ஆண்கள் வார, பெண்கள் தலையில் சுமக்கிறார்கள். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. உவர்நீர் பாதத்தில் வெடிப்பையும் புண்ணையும் உண்டாக்குகிறது. மழை தொடங்கினால் வேலை இல்லை. மழைக்காலத்திற்கென 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு அண்மை ஆண்டுகளில்தான் தொடங்கியது. இந்திய உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் நம் மாநிலத்திற்கு என்று பெருமை பேசும்போது அந்தப் பாதங்களையும் எண்ண வேண்டும்.

சமையலுக்கு அப்பால் உப்பின் பயன்கள் பல. ஊறுகாயும் வடகமும் கருவாடும் கெடாதிருப்பதற்குக் காரணம், நுண்ணுயிர்கள் வாழ வேண்டிய நீரை உப்பு உறிஞ்சிக் கொள்வதேயாகும். உரித்த தோலை அழுகாமல் காப்பதும் அதே முறையில்தான். தோல் பதனிடும் கூடங்களில் உப்பை உதறியும் அள்ளியும் உழைத்தோரில் நம்மவர் மிகுதி. அவ்வுப்பு கழிவுநீரோடு பாலாற்றில் கலந்து கிணறுகளைக் கெடுத்ததும், 1996இல் உச்ச நீதிமன்றம் அதுபற்றித் தீர்ப்பளித்ததும் வேலூர்ப் பகுதி நண்பர்கள் அறிந்ததே.

உயிர் காக்கும் உப்பும் உண்டு. 1971இல் வங்கதேச அகதிகள் காலராவால் மடிந்தபோது, போங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த இறப்பு நான்கிற்கும் கீழே இறங்கிற்று. குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டால், கடையில் கிடைக்கும் பொட்டலம் இல்லாதபோது, ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டிச் சர்க்கரையும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். அரைக் கரண்டிக்கு மேல் உப்பு கூடாது. வயிற்றுப்போக்கின்போது தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று கூறும் மூத்தோர் சொல்லை மட்டும் இந்த ஒரு செய்தியில் கேளாதீர்கள்.

இனி, கேட்டிற்கு வருவோம். உப்பில் ஐந்தில் இரு பங்கு சோடியம். அது இரத்தத்தில் மிகுந்தால் உடல் நீரைப் பிடித்து வைக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. மூளையின் குழாயும் இதயமும் சிறுநீரகமும் அடி வாங்குகின்றன. வலியில்லாத நோய் ஆதலின் விழும் வரை தெரிவதில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு மட்டத் தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். சோறு வடிக்கையில் ஒரு கை, குழம்பில் ஒரு கை, தொட்டுக்கொள்ள ஊறுகாய், மாலையில் மிக்சர் என்றால் கணக்கு எங்கே நிற்கும்?

நம் வீடுகளில் இதற்கு ஒரு காரணம் உண்டு. கறி வாங்க வழியில்லாத காலத்தில் கூழுக்கு உப்பும் ஒரு மிளகாயுமே துணை. கருவாட்டுத் துண்டு கிடைத்தால் விருந்து. நம் தந்தையர் நாள் முழுதும் வயலில் நின்றனர். வியர்வையோடு உப்பும் வெளியேறிற்று. நாம் மின்விசிறியின் கீழ் நாற்காலியில் அமர்கிறோம். ஆயினும் நம் நாக்கு இன்னும் களத்து மேட்டிலேயே இருக்கிறது. அதைப் பழக்கி இறக்கலாம். சில வாரங்கள் பொறுத்தால் குறைந்த உப்பே சுவையாகிவிடும். இதை நாம் நம் வீட்டிலேயே செய்து பார்த்தோம். முதல் வாரம் சச்சரவு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

குறைப்பது ஒன்று, தவறான உப்பை வாங்குவது வேறு. முன்கழுத்துக் கழலையும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக் குறைவும் அயோடின் இன்மையால் வருபவை. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். ஆயுள் முழுவதற்கும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டிதான். காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் பேராசிரியர் இராமலிங்கசுவாமி முதலானோர் அயோடின் உப்பைக் கொடுத்துக் கழலை குறைவதை மெய்ப்பித்தனர். 1962இல் தேசியத் திட்டம் வந்தது. 2006 முதல், மனிதர் உண்பதற்கு அயோடின் கலவாத உப்பை விற்பதற்குத் தடையும் இருக்கிறது. இருந்தும் மூட்டைக் கல்லுப்பு சந்தைகளில் கிடைக்கத்தான் செய்கிறது. இந்துப்பு நல்லது, அதற்கு இரத்த அழுத்தம் ஏறாது என்று இப்போது சிலர் விலை கொடுத்து வாங்குகின்றனர். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்க்காவிட்டால் அதுவுமில்லை. சோடியம் குறைத்த உப்பு என விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக நோயுடையோர் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடலாகாது.

அயோடின் உப்பை மூடியுள்ள கலத்தில், அடுப்புக்கு எட்ட வையுங்கள். ஈரமும் சூடும் அயோடினைக் கெடுக்கும். குழம்பை இறக்கும் நேரத்தில் உப்பிடுவது நல்லது.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி மாணவர் வீட்டு உப்பைப் பொட்டலமாகக் கொண்டு வந்தனர். சோதனைத் துளி விட்டதும் பல பொட்டலங்கள் நீலமாயின. சில, விட்டபடியே வெள்ளையாய் இருந்தன. அவற்றைக் கொண்டு வந்த பிள்ளைகள் தலை குனிந்ததைக் கண்டு, குற்றம் உங்களுடையதன்று, கடையினுடையது என்று சொல்ல வேண்டியிருந்தது.

இன்றும் அச்சோதனைத் துளி மேடையின் இடப்புறம் இருக்கிறது. பொட்டலம் கொண்டு வந்துள்ள தாய்மார்கள் எட்டாம் வகுப்பு மாணவியரிடம் காட்டுங்கள். பக்கத்து அறையில் கிராம சுகாதாரச் செவிலியர் இரத்த அழுத்தம் பார்க்கிறார். முப்பது வயது கடந்த ஆண்கள் உணவுப் பந்திக்குச் செல்லுமுன் அங்கே சென்று வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.