தொகுப்பும் கட்டும்

கம்போங் குவாந்தானில் கணினி பயிலும் மாணவர் ஒருவர், ‘ரோலப் ஒரு தொகுப்பியா?’ என்று நம்மை வினவினார். ‘ஆம்’ என்று கூறிப் பிழைசெய்தோம். தொகுப்பி என்பது கம்பைலருக்கு முன்பே வழங்கும் பெயர்.

ரோலப், உதிரியாய்க் கிடக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ‘இம்போர்ட்’ காட்டும் வழியே தேடி ஒன்றாகக் கட்டுகிறது. பயன்படாத பகுதிகளை விட்டுவிடுகிறது. டைப்ஸ்கிரிப்டைத் தானாக அறியாது. செருகுநிரல் ஒன்று வகைக்குறிப்புகளை நீக்கித் தரவேண்டும். ‘பாற்குடம்’ என்னும்போது ஐயுருபும் ‘உடைய’ என்பதும் மறைந்தும் பொருள் நிற்கிறதே, அதுபோல. இலக்கணத்தார் இம்மறைதலையே தொகுதல் என்றனர். அச்சொல் பொருந்துவது, விந்தையாக, செருகுநிரலுக்கே! ஆனால் நீக்குவது வேறு, சரிபார்ப்பது வேறு. நீக்க மட்டும் அறிந்த செருகுநிரல் வகைப்பிழையைச் சுட்டாது. மாணவர் இடறுமிடம் இதுவே.

ஆதலின் பண்ட்லரைக் ‘கட்டுகருவி’ என்போம். விறகுக் கட்டைத் தோட்டத்துப் பிள்ளைகளும் அறிவர். அம்மாணவருக்கு விடையைத் திருத்திச் சொல்லும் கடன் நமக்கு இன்னும் உள்ளது.